வெள்ளை விரிப்பு

எங்கள் பங்கு கொடைக்கானல் மலைமேல் உள்ளது. ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியின் வெப்பத்திற்கு அஞ்சி ஏறி வரும் மக்களை நம்பியே இங்குப் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. 2023-ஆம் ஆண்டு தவக்காலத்தில், சீசன் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், இவ்வூர்த் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து எங்கள் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் வந்தது. விடுதியின் 24 அறைகளுக்கும் புதிய படுக்கை வகைகள் வாங்கப்பட்டுவிட்டன என்றும், விருந்தினருக்கென இதுவரை வைத்திருந்தவற்றை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க விரும்புவதாகவும், பங்கு அவற்றை ஏற்றுக்கொள்ளுமா என்றும் அதில் கேட்டிருந்தார்கள்.

பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்கு நான் செயலர். பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு வாய்த்த பணி அது. 1833-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்னும் இளம் மாணவர் தம் தோழர்களோடு தொடங்கிய இச்சபையின் முதற்கடமை, ஏழைகளை அவர்களுடைய வீட்டிற்கே சென்று சந்திப்பது. அரிசி, பருப்பு, மருந்து, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைப் பகிர்ந்தளித்துப் பழகிய எங்களுக்கு மெத்தையும் தலையணையும் புதியவை. ‘பழையவை’ என்ற சொல்லைக் கேட்டு, கிழிசல்களைத்தான் அனுப்புவார்கள் என்று நான் எண்ணினேன்.

வேன் வந்து நின்றது. பள்ளிக்கூட மண்டபத்தில் மூட்டைகளை அவிழ்த்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 60 விரிப்புகள், 48 தலையணைகள், அவற்றுக்கு உறைகள், 24 ரசாய்கள். அத்தனையும் பால்போன்ற வெள்ளை. கையை வைத்தால் கை வழுக்கிக்கொண்டு ஓடியது. உடன் வந்த விடுதி அலுவலர் எங்கள் வியப்பைக் கண்டு விளக்கினார். ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று தொகுதி விரிப்புகள் வேண்டுமாம்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். வெள்ளைத் துணியானால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வெந்நீரிலும் சலவைக் காரத்திலும் வெளுக்கலாம். அழுக்கு இருந்தால் மறையாது. விருந்தினருக்கும் ஐயம் எழாது. 1999-இல் அமெரிக்காவின் வெஸ்டின் விடுதிகள் முற்றிலும் வெண்ணிறமான படுக்கையை ஒரு பெருமையாகவே விளம்பரப்படுத்தின. இன்று மலையூர் விடுதிகளிலும் அதே வெள்ளைதான். ஓர் ஓரத்தில் போகாத மைக்கறை, இன்னோர் ஓரத்தில் சற்றே நைந்த தையல், இவையே அத்துணிகளின் குற்றம். பணம் கொடுத்துத் தங்குபவரின் கண்ணுக்கு அது குறை. ஒரு வீட்டில் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

அன்று மாலை சபை கூடியது. “இவ்வளவு உயர்ந்த துணியை ஏழைகள் என்ன செய்வார்கள்? மண் தரையில் விரித்தால் மறுநாளே பாழாகிவிடும். கடைக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்திற்கு அரிசி வாங்கிக் கொடுப்போம், மிஞ்சினால் கம்பளி வாங்கலாம்” என்று ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் நான்தான். கணக்கும் போட்டு வைத்திருந்தேன். உறுப்பினர்கள் சிலர் தலையசைத்தார்கள்.

பங்குத்தந்தை சிறிது நேரம் மௌனமாய் இருந்தார். பிறகு, “வாத்தியாரே, விற்று ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்று நற்செய்தியில் கணக்குப் போட்டவர் யார் என்று நினைவிருக்கிறதா?” என்று புன்னகையோடு கேட்டார்.

நினைவிருந்தது. பெத்தானியாவில் மரியா ஆண்டவரின் பாதங்களில் நறுமணத் தைலத்தைப் பூசியபோது, அதை முந்நூறு தெனாரியத்திற்கு விற்றிருக்கலாமே என்றவன் யூதாசு. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஏறத்தாழ ஓராண்டு உழைப்பின் விலை. கணக்கில் பிழையில்லை, பிழை வேறோர் இடத்தில் இருந்தது. எனக்கு அவ்வேளையில் மனம் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால், சற்றுச் சினமும் வந்தது. ஆயினும் துணிகளை விற்பதில்லை, வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவாயிற்று.

என் பங்குக்கு வந்த வீடுகளுள் ஒன்று, சரிவில் தகரக் கூரை வேய்ந்த ஓர் அறை. அங்கே எழுபத்தாறு வயதான கைம்பெண் ஒருவர் தனியே வாழ்கிறார். ஒரு விரிப்பையும் தலையணையையும் ரசாயையும் அவருடைய கயிற்றுக் கட்டில்மேல் வைத்தேன். அவர் விரிப்பைத் தொட்ட விதமே வேறாக இருந்தது. ஓரத்து மடிப்பை இரு விரல்களால் நெருடிப் பார்த்தார், தையலை வெளிச்சத்தில் பிடித்தார், பின்பு சிரித்துவிட்டார்.

“வாத்தியாரையா, இந்தச் சாதித் துணியை நான் இருபத்திரண்டு வருசம் துவைச்சிருக்கேன்” என்றார்.

எனக்கு அது தெரியாது. எட்டு ஆண்டுகளாக மாதந்தோறும் அவர் வீட்டிற்குச் சென்றிருக்கிறேன். அரிசியின் அளவும் மருந்தின் பெயரும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. அவர் ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் இளமையைக் கழித்தவர் என்பது இல்லை. இயந்திரங்கள் வராத நாளில், விடியுமுன் எழுந்து, யூகலிப்டஸ் விறகில் அண்டாத் தண்ணீரைக் காய்ச்சி, வெள்ளாவி வைத்து, பனிக்காலத்துக் குளிர்நீரில் அலசிய கைகள் அவை. உலர்ந்த விரிப்பை இருவர் இரு முனையில் பிடித்து, உதறி, எட்டாக மடிப்பார்களாம். “எண்ணிக்கை தெரியாது. மலையளவு மடிச்சிருப்பேன். ஒருநாள்கூட ஒண்ணிலேயும் படுத்ததில்லை” என்றார். அந்தக் குரலில் குறை ஏதும் இல்லை. வானிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

பத்து நாட்களுக்குப் பின் மறுபடியும் சென்றேன். கட்டிலில் பழைய கம்பளிதான் இருந்தது. வெள்ளை விரிப்பு தகரப்பெட்டியின் மேல் எட்டாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“ஏனம்மா, விரிக்கவில்லையா?”

“சாமி எனக்கு நன்மை கொண்டுவர்ற அன்னைக்கு மேசைக்கு விரிக்க வச்சிருக்கேன்.”

“அதற்கு வேறு துணி தருகிறேன். இது நீங்கள் படுப்பதற்கு.”

அவர் சற்று வெட்கப்பட்டார். “ஒரு ராத்திரி விரிச்சுப் படுத்தேனய்யா.”

“நன்றாகத் தூங்கினீர்களா?”

“எங்கே தூங்கினேன்! தூங்கிட்டா அந்த சுகம் தெரியாமப் போயிடுமே. அதான் விடிய விடிய முழிச்சுக்கிட்டே கிடந்தேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு சிறு பெண்ணைப்போல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டிற்குத் திரும்பும் வழியில் என்னால் சிரிக்க முடியவில்லை. என் தாயின் நினைவு வந்துவிட்டது.

1994-ஆம் ஆண்டு. என் தாய் கடைசி நோயில் படுத்திருந்தார்கள். மருந்து தவறியதில்லை; பால், பழம் தவறியதில்லை; மருத்துவரை அழைத்துவரத் தாமதித்ததில்லை. அம்மா வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. “தம்பி, இந்தத் தலையணை கல்லாப் போச்சு. போடிப் பக்கம் யாராவது போனா நல்ல இலவம்பஞ்சு வாங்கி வரச் சொல்லு” என்றார்கள். போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். கோடையில் காய் வெடித்த புதுப்பஞ்சை அடைத்து, இரண்டு நாள் வெயிலில் போட்டால் தலையணை பூரித்து எழும். அம்மா பிறந்தது அந்தப் பக்கம். “கிறிஸ்துமஸ் செலவு முடியட்டும் அம்மா, பார்க்கலாம்” என்றேன். திருவருகைக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் அம்மா இறைவனடி சேர்ந்தார்கள். அந்தக் கல் தலையணையில்தான் அவர்கள் தலை இருந்தது.

அது பாவமா? ஒப்புரவு அருட்சாதனத்தில் ஒருமுறை சொன்னேன். குருவானவர் அன்போடு தேற்றினார். ஆயினும் ஏன் அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர்தான் எனக்கு விளங்கியது. தேவையானவற்றை எல்லாம் கொடுத்தேன், பிடித்ததைக் கொடுக்கவில்லை. தேவை கடமை என்றும், பிடித்தது ஆடம்பரம் என்றும் என் மனத்தில் ஒரு கோடு போட்டிருந்தேன். சபைக் கூட்டத்தில் விரிப்புகளை விற்கச் சொன்னதும் அதே கோடுதான்.

நம் திருச்சபை அப்படியொரு கோடு போடவில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் பெரும் இறையியல் தொகுப்பில், துயரத்தைத் தணிப்பவை எவை என்று ஆராய்கிறார். இன்பம், கண்ணீர், நண்பரின் இரக்கம், உண்மையைத் தியானித்தல் என்று நான்கைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாக உறக்கத்தையும் குளியலையும் சேர்க்கிறார். இறையியல் மாமேதை ஒருவர் வெந்நீர்க் குளியலுக்கும் நல்ல உறக்கத்திற்கும் தம் நூலில் இடம் தந்திருக்கிறார்! அவருக்கு முன்பே புனித அகுஸ்தீன் அதை வாழ்ந்து அறிந்தவர். 387-ஆம் ஆண்டு, ஒஸ்தியா துறைமுகத்தில் அவருடைய தாய் புனித மோனிக்கம்மாள் இறந்தபோது, துயரம் தணியுமென்று குளித்துப் பார்த்தார்; தணியவில்லை. பின்னர் உறங்கி எழுந்தார். பாரம் ஓரளவு குறைந்திருந்தது. இதை அவர் தம் வரலாற்றை எழுதிய நூலில் மறைக்காமல் குறித்திருக்கிறார்.

நம் ஆண்டவருக்குத் தலை சாய்க்க இடமில்லை என்பதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஆனால் ஒருநாள் அவருக்குத் தலையணை கிடைத்தது. கடலில் புயல் அடித்த நிகழ்ச்சியை மூன்று நற்செய்தியாளர்கள் எழுதுகிறார்கள்; மாற்கு ஒருவர்தாம் படகின் பின்புறத்தில் இயேசு தலையணைமேல் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதைக் குறிக்கிறார். நாளெல்லாம் போதித்துக் களைத்தவருக்கு யாரோ ஒருவர் அதை எடுத்துக் கொடுத்திருக்கவேண்டும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. அவர் பெயர் நற்செய்தியில் இல்லை. ஆயினும் அவர் செய்தது வீண் ஆடம்பரம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? சாவை விரும்பிப் படுத்த எலியாவிடமும் ஆண்டவரின் தூதர் அறிவுரையோடு வரவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டு வந்தார். எலியா மறுபடியும் உறங்கினார்.

அந்த அம்மையாரின் சொல்லுக்குப் பின், என் வீட்டிலேயே நான் கவனியாத பலவற்றைக் கவனிக்கலானேன். அதிகாலைத் திருப்பலி முடிந்து குளிரில் நடுங்கி வந்தபின் உள்ளங்கைகளுக்கிடையே பிடிக்கும் சூடான காப்பித் தம்ளர். பனி விலகிய ஒரு மணி நேரத்தில் உலர்ந்த துணியின் வெயில் மணம். தகரக் கூரைமேல் மழை இறங்கும் ஒலி. இரவுச் செபமாலை முடிந்ததும் பேரப்பிள்ளைகள் ஒரே கம்பளிக்குள் நுழைந்து செய்யும் கலகம். இவற்றுக்கு விலை இல்லை. அதனால்தான் போலும், நன்றியும் சொல்லாமல் இருந்தேன். அந்த அம்மையாரோ ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து நன்றி சொன்னார்.

வாசகர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். இன்பமே வாழ்வின் நோக்கம் என்று நான் சொல்லவில்லை. அரிசி இல்லாத வீட்டிற்குத் தலையணை மட்டும் கொண்டுபோவது அறியாமை. துவைத்த கைகளுக்குச் சரியான கூலி கிடைத்திருந்தால், அவர் முதுமையில் நம் விரிப்பை எதிர்பார்த்திருக்க நேர்ந்திராது என்பதும் உண்மை. நீதி முதலில் வரவேண்டும். ஆனால் நீதியும் அரிசியும் கொடுத்துவிட்டோம் என்று கணக்கை மூடிவிடுவதில் ஓர் ஆபத்து உண்டு: எதிரில் இருப்பவரும் நம்மைப்போல் மென்மையை உணரும் மனிதர் என்பதை மறந்துவிடுகிறோம்.

இப்போது எங்கள் சபையின் வீட்டுச் சந்திப்புக் குறிப்பேட்டில் ‘தேவை’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘பிடித்தது’ என்று இன்னொரு பத்தி வரைந்திருக்கிறோம். ஒருவருக்கு நல்ல காப்பித்தூள். ஒருவருக்குக் கால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய். கண் தெரியாத ஒரு முதியவருக்கு யாராவது வந்து விவிலியத்தை உரக்க வாசிக்கவேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கேட்பதற்குத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின.

அந்த அம்மையாரின் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று கேட்டேன். “எனக்கு எல்லாம் இருக்கே” என்றார். நன்மை மேசைக்கு வேறொரு வெள்ளைத் துணி கொடுத்து, விரிப்பை என் கையாலேயே கட்டிலில் விரித்தேன். மறுமுனையை அவர் பிடித்தார். பழகிய கைகள் தாமாகவே உதறின. அடுத்த மாதம் சென்றபோது விரிப்பு கட்டிலில் இருந்தது. நடுவில் படுத்த சுருக்கம் தெரிந்தது.

“இப்போது தூக்கம் வருகிறதா, அம்மா?”

“வருதய்யா. இப்போ பழகிடுச்சு” என்றார்.

நம் வீட்டிலும் முதியவர் ஒருவர் இருப்பார். அவர் தலையணையை இன்று ஒருமுறை கையால் அழுத்திப் பார்ப்போம்.