பிந்திப் பூக்கிற மரம்

குளிர்நாட்டில் பீச் மரத்தைக் கொல்வது குளிர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ரொறன்ரோவில் தலை நரைக்கும்வரை மண் கிண்டியவன் சொல்கிறேன்: குளிரோடு அந்த மரம் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். நடுவில் வந்து ஆசை காட்டிவிட்டு ஓடுகிற வெயிலோடுதான் அதற்குச் சமாளிக்கத் தெரியாது.

இலை உதிர்ந்ததும் மரம் உறங்கப் போகிறது. அந்த உறக்கம் கலைய அதற்கு ஒரு கணக்கு உண்டு. உறைநிலைக்கும் 7 பாகைக்கும் இடைப்பட்ட குளிர் இத்தனை மணித்தியாலம் சேர வேண்டும். குளிர்நாட்டு வகைகள் பலவற்றுக்கு அது ஆயிரம் மணித்தியாலத்தை ஒட்டி வரும். கணக்கு முடிந்துவிட்டால் பிறகு அது காத்திருப்பது சூட்டுக்கு மட்டும்தான். பெப்ரவரியில் நாலு நாள் ஸ்னோ உருகி, சனம் ஜக்கெற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தால், மரமும் இளவேனில் வந்துவிட்டதென்று நம்பி மொட்டுகளை இளக்கிவிடும். அடுத்த கிழமை மைனஸ் இருபதுக்குப் போகும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஒரு மொட்டைப் பிளேட்டால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, கறுத்திருந்தால் அந்தப் பூ இனி இல்லை.

2012ஆம் ஆண்டு மார்ச்சை இங்குள்ள தோட்டக்காரர் எவரும் மறக்கமாட்டார்கள். கோடை போல வெயில் எறித்தது. பழமரங்கள் வாரக்கணக்கில் முந்திப் பூத்தன. ஏப்ரலில் உறைபனி திரும்பி வந்தது. ஒன்ராறியோவின் அப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு அந்த வருஷம் போயிற்று. இத்தனைக்கும் அப்பிள், பீச்சைவிடப் பிந்திப் பூக்கிற மரம்.

நயாகராப் பக்கம் பீச் தோட்டங்கள் ஏரிக்கரையை அண்டிக் கிடப்பதற்கும் காரணம் இதுதான். ஒன்ராறியோ ஏரி ஆழமானது. முழுதாக உறைவது அபூர்வம். மாரியில் அது கரையின் கொடுங்குளிரைக் கொஞ்சம் தணிக்கிறது. இளவேனிலிலோ அதன் குளிர்ந்த நீர், கரையிலுள்ள மரங்களை அவசரப்பட விடாமல் பிடித்து வைக்கிறது. எங்கள் ஸ்காபரோ வளவுக்குள் ஏரியைக் கொண்டுவர முடியாது. வேறு வழி பார்க்க வேண்டும்.

அந்த வழியைக் காட்டியவர் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தன் அத்திமரத்தின் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தையே சாய்த்து மண்ணுக்குள் புதைத்துவிட்டு, வெயில் வந்ததும் தோண்டி நிமிர்த்துகிற மனுஷன். நானோ யாழ்ப்பாணத்தில் மத்தியான வெயிலுக்கு மரநிழல் தேடி வளர்ந்தவன். இங்கே வந்த பிறகு வெயிலைக் கண்ட இடத்தில் கும்பிடுகிற ஆளாகிவிட்டேன். முதல் பீச் கன்றை வாங்கிவந்து, வீட்டின் தெற்குச் சுவரோடு, ஸ்னோ முதலில் உருகுகிற சூடான மூலையில் வைப்பதென்று கிடங்கு வெட்டத் தொடங்கியிருந்தேன். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் உள்ளே வந்தார். ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த மண்வெட்டியை மெல்ல வாங்கி, வீட்டின் வடக்குப் பக்கம் நடந்துபோய், சுவரிலிருந்து தள்ளி ஓரிடத்தில் குத்தி நிறுத்தினார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நிழலில் கொண்டுபோய்ப் பழமரம் வைக்கச் சொல்கிறாரே! பிறகுதான் சூரியனைக் கவனித்தேன். எங்கள் அகலாங்கில் டிசம்பர் மத்தியானச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைதான் ஏறும். வீட்டு நிழல் வளவெல்லாம் நீண்டு கிடக்கும். ஜூனில் அதே சூரியன் 70 பாகைக்கு ஏறிவிடும். நிழல் சுவரடிக்குச் சுருங்கிவிடும். அந்த இடத்து மரத்துக்கு மாரியில் நிழல், காய்க்கிற காலத்தில் வெயில். அது பிந்தி விழிக்கும், பிந்திப் பூக்கும். பூ விரிகிற நேரத்தில் உறைபனி பெரும்பாலும் போய் முடிந்திருக்கும். விரிந்த பூவுக்கு மைனஸ் நாலே போதும், பத்தில் ஒன்பது கருகிவிடும்.

வகையும் முக்கியம். நான் வைத்தது ரிலையன்ஸ். பெயரைக் கேட்டு இந்தியக் கம்பனியை நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உருவாக்கி 1964இல் வெளியிட்ட வகை. மற்றப் பீச் மொட்டுகள் மைனஸ் இருபத்தைந்தை அண்டினால் அநேகமாகச் செத்துப்போகும். இது இன்னும் சில பாகை தாங்கும். ருசியில் மிச்சிகனின் ரெட்ஹேவன் ஒரு படி மேல் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் பழமே இல்லாத ருசியை வைத்து என்ன செய்வது? மாரி வெயில் பட்டுத் தண்டு வெடிக்காமலிருக்க, வெள்ளைப் பெயின்றில் சரிபாதி தண்ணீர் கலந்து பூசிவிடுவேன். கவாத்து, மொட்டு சிவந்து வருகிறபோதுதான். மாரியில் வெட்டினால் காயத்துக்குள் நோய் புகுந்துவிடும்.

நாலாம் வருஷம் கொப்புக் கொப்பாகப் பிஞ்சு பிடித்தது. பெருவிரல் பருமன் வந்ததும், சாணுக்கு ஒன்று விட்டு மிச்சத்தையெல்லாம் கிள்ளிப் போடத் தொடங்கினேன். மனைவி ஓடிவந்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரா? பிள்ளையள் மாதிரிப் பிடிச்சதை இப்பிடிக் கிள்ளிக் கொட்டுறியள்!"

அவள் கேட்டதில் பிழையில்லை. ஊரில் எங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரம் வேண்டாத பிஞ்சைத் தானே உதிர்த்துக்கொள்ளும். மனிதன் கைவைக்கத் தேவையில்லை. பீச்சுக்கு அந்த அளவு தெரியாது. பிடித்ததையெல்லாம் சுமக்கப் பார்த்து, பழம் சிறுத்து, கொப்பும் முறிந்து, அடுத்த வருஷத்து மொட்டுக்குச் சத்தில்லாமல் நிற்கும். அவளுடைய சமாதானத்துக்காக ஒரு கொப்பை மட்டும் தொடாமல் விட்டேன். ஓகஸ்ரில் அந்தக் கொப்பின் பழத்தையும் மற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அடுத்த ஜூனில் கிள்ளுவதற்கு அவளே ஏணியைக் கொண்டுவந்தாள்.

பீச்சுக்கு ஆயுள் குறைவு. பத்துப் பதினைந்து வருஷம் நின்றால் இங்கே அது நல்ல ஆயுள். ஆகவே முதல் மரம் நன்றாகக் காய்க்கிறபோதே இரண்டாவதை வைத்துவிட வேண்டும். காய்ப்பு ஓய்ந்த பிறகு வைத்தால் இடையில் மூன்று நாலு வருஷம் வெறுங்கூடைதான். இந்த வயதில் இன்னொரு கன்றா என்று மகன் கேட்கிறான். இந்த வயதில்தான் எனக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறது என்றேன்.

உங்களுக்கும் ஆசை வந்தால் நேர்சரியில் உயரமான கன்றைத் தேடாதீர்கள். விரல் பருமனில், வேர் நல்லதாக இருக்கிற சின்னக் கன்று போதும். அதற்கு முதல் பெப்ரவரி கடைசியில் ஒருநாள் வளவுக்குள் இறங்கி, ஸ்னோ எங்கே கடைசியாக உருகுகிறதென்று பாருங்கள். தண்ணீர் தேங்குகிற பள்ளமென்றாலோ, ஜூனில் ஆறு மணித்தியாலமாவது வெயில் படாதென்றாலோ அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பழம் வந்தால் எனக்கு அனுப்ப வேண்டாம். முதல் கூடையை வேலிக்கு அந்தப் பக்கம் கொடுங்கள்.