கரண்டு போச்சு, யாரு முறை?

பதிவு எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆய்வேட்டு ஆணி கழுத்து வரைக்கும் இருக்கு. ஆனா இதை இப்போ எழுதலைன்னா அப்புறம் மறந்துடுவேன். கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம் நடுவுல வரும். பிடிக்காதவங்க அந்தப் பத்திகளைத் தாண்டிக் குதிச்சிடுங்க, தாத்தா வர்ற இடத்துல சேந்துக்கலாம்.

கவென்ட்ரியில நாங்க அஞ்சு பேர் ஒரு பழைய வரிசை வீட்டுல வாடகைக்கு இருக்கோம். நான் நாகர்கோவில் பக்கம். கூட ஒரு மதுரை, ஒரு ஓசூர், ஒரு சேலம், ஒரு குண்டூர். "அங்கெல்லாமா கரண்டு போவுது மக்ளே?"ன்னு அம்மா போன்ல நம்பவே இல்லை. போகும்மா, காசு தீந்தா போகும்.

எங்க வீட்டுல இருக்கறது சாவி மீட்டர். பிளாஸ்டிக் சாவி ஒன்னை மூலைக்கடைக்கு எடுத்துட்டுப் போய் பத்து பவுண்டோ இருபது பவுண்டோ ஏத்தி, திரும்ப வந்து மீட்டர்ல செருகணும். தீந்துபோச்சுன்னா அவசரக் கடன்னு கொஞ்சம் கொடுக்கும், ஆனா அதுக்கும் யாராவது எந்திரிச்சுப் போய் சாவியைச் செருகினாத்தான். இதுல ஒரு கருணையும் உண்டு. காசு தீந்தாலும் ராத்திரியில கட் பண்ணாது. விடிஞ்சு எல்லாரும் காலேஜுக்கும் வேலைக்கும் கிளம்பின பிறகு, பத்து மணி வாக்குல டொப்புன்னு அணைச்சிடும். வாரத்துக்கு ஒருத்தர்னு முறை போட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கோம். அஞ்சு பேர் முறை போட்டா என்ன நடக்கும்னு ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2024 செப்டம்பர்ல வந்த கையோட நான் செஞ்ச உருப்படியான காரியம், ஹால் டிவி பக்கத்துல ஒரு ராஸ்பெர்ரி பை 4 வெச்சதுதான். சீட்டுக்கட்டு அளவு கம்ப்யூட்டர். அதுல ஜெல்லிஃபின் போட்டு, ரெண்டரை இஞ்ச் ஹார்ட்டிஸ்க் ஒன்னை மாட்டி, அஞ்சு பேர் கையில இருந்த படங்களையும் பாட்டுகளையும் (எப்படி வந்துச்சுன்னு கேக்கப்படாது) கொட்டினேன். அவனவன் அவன் ரூம்ல போன்லயோ லேப்டாப்லயோ பாத்துக்கலாம். இதனாலேயே வீட்டுல எனக்குப் பாத்திரம் கழுவுறதுல ஒரு நாள் விலக்கு.

அந்த டிஸ்க்லதான் தாத்தாவும் இருந்தார்.

தாத்தா வில்லுப்பாட்டுக் குழுவுல குடம் அடிச்சவர். எங்க பக்கம் கோயில் கொடைன்னா வில்லுப்பாட்டு இல்லாம நடக்காது. வில்லுக்குப் பின்னால உக்காந்து கதை சொல்றவர் அண்ணாவி. கூட உடுக்கை, ஜால்ரா, கட்டை, குடம். அண்ணாவி ஒரு அடி சொல்லி நிறுத்துவார், பக்கத்துல இருக்கறவங்க "ஆமா" போடணும். தாத்தா வாழ்க்கை முழுக்க மேடையில பேசினது அந்த ஒரு வார்த்தைதான். ஊர்ல யாரோ டேப்ரிக்கார்டரை மேடை ஓரத்துல வெச்சுப் பிடிச்ச கேசட் பதினொன்னு வீட்டுல கிடந்துச்சு. விசா வர்ற வரைக்கும் வேலை ஒன்னும் இல்லாம இருந்தப்போ அதையெல்லாம் லேப்டாப்புக்கு ஏத்தினேன். நாலாவது கேசட், சுடலைமாடன் கதை. முதல் பக்கம் முடிஞ்சு ரெண்டாவது பக்கம் திருப்பிப் போட்டப்போ நாடா சிக்கி, சுருண்டு, அறுந்தே போச்சு. ஒரு பக்கம் 45 நிமிஷம், கோப்பு 470 எம்பி சொச்சம். உலகத்துலயே அந்தப் பக்கத்துக்கு அந்த ஒரு கோப்புதான்.

இன்னொரு காப்பி எடுத்து வெச்சியாடான்னு கேப்பீங்க. இல்லை. திட்டுறவங்க வரிசையில வாங்க, அக்கா ஏற்கனவே முன்னாடி நிக்கறா.

2025 ஜனவரியில ஒரு திங்கக்கிழமை. கேசட் இரைச்சலைக் குறைக்கறேன்னு நானே எழுதின ஒரு நிரலை பையில ஓட விட்டுட்டு வகுப்புக்குப் போயிட்டேன். அது ஒவ்வொரு கோப்பா எடுத்து, சுத்தம் பண்ணி, அதே பேர்ல அதே இடத்துலயே திரும்ப எழுதும். பத்து மணிக்கு மீட்டர் தன் வேலையைப் பாத்துடுச்சு. சாயங்காலம் யாரோ காசு ஏத்தி, நான் வந்து பாத்தா ஜெல்லிஃபின் எந்திரிக்கவே இல்லை. அதோட தரவுத்தளம் சிதைஞ்சு போச்சுன்னு ஒரு வரி. அது போனா போகுது, திரும்ப உண்டாக்கிக்கலாம். டிஸ்க்கைத் திறந்து பாத்தா நாலாவது கேசட் கோப்பு இருக்கு, அளவு பூஜ்யம்.

டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்ல வெச்சிருந்தேன், எல்லார் லேப்டாப்லயும் திறக்கட்டும்னு. அதுல ஜர்னல் கிடையாது. அதாவது என்ன செய்யப்போறோம்னு முன்கூட்டியே குறிச்சு வைக்கிற பழக்கம் அதுக்கு இல்லை, பாதியில கரண்டு போனா எது எங்க நின்னுதுன்னு அதுக்கே தெரியாது. ராத்திரி முழுக்க போட்டோரெக் ஓட்டினேன். பேருதான் போட்டோ, ஒலிக்கோப்பும் தோண்டி எடுக்கும். 19 நிமிஷம் கிடைச்சுது. மிச்ச 26 நிமிஷம் வெறும் கரகரப்பு. அண்ணாவி ஒரு அடியை எடுத்து நிறுத்துறார், அடுத்து "ஆமா" வரணும், வரலை. அங்க முடியுது கோப்பு. அம்மாகிட்ட இதை நான் மார்ச் வரைக்கும் சொல்லலை.

மறுநாளே டிஸ்க்கை ஈஎக்ஸ்டி4-க்கு மாத்தினேன். மொத்தத்தையும் அக்காவோட சென்னை லேப்டாப்புக்கு ஒரு காப்பி, எனக்கு இன்னொரு டிஸ்க்ல ஒரு காப்பி. ஈஎக்ஸ்டி4-ல ஜர்னல் உண்டுதான், ஆனா வழக்கமா அது காப்பாத்துறது டிஸ்க்கோட கணக்குப் புத்தகத்தை, பாதி எழுதின கோப்பை இல்லை. அதனால இப்போ என் நிரல் புதுப் பேர்ல எழுதி, முழுசா முடிஞ்ச பிறகுதான் பேரை மாத்தும். அதுக்கப்புறமும் பேட்டரி எதுக்குன்னா, பை ஓடுறது எஸ்டி அட்டையில. எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்டைப் பிடுங்கினா அட்டை உள்ளுக்குள்ள வெச்சிருக்கிற கணக்கே குழம்பிடலாம், அப்போ நம்ம ஜாக்கிரதையெல்லாம் செல்லாது. உண்மையான காரணம் வேற, கோபம்.

முதல்ல போன் சார்ஜ் பண்ற பவர்பேங்க்கை நடுவுல செருகிப் பாத்தேன். எல்லாரும் செய்யற தப்பு இது. சிலது சார்ஜ் ஏறும்போது வெளிய கரண்டு தரவே தராது. என்னுது தந்துச்சு, ஆனா சுவர்ல பிளக்கைப் பிடுங்கினதும் பேட்டரிக்கு மாறுற அந்தக் கண் இமைக்கிற நேரத்துல வோல்டேஜ் விழுந்து பை அணைஞ்சு மறுபடி கிளம்புச்சு. எதுக்காக வெச்சோமோ அந்த நேரத்துல கைவிடுற மாமன் மச்சான் மாதிரி. பை 4-க்கு 5 வோல்ட்டுல 3 ஆம்பியர் வரைக்கும் தரக்கூடிய சப்ளை வேணும். 4.63-க்குக் கீழ போனாலே வோல்டேஜ் பத்தலைன்னு குறிச்சு வெச்சுக்கும்.

அப்புறம் வாங்கினது, பையோட சேத்து மாட்டுற யுபிஎஸ் பலகை. ரெண்டு 18650 செல் போடலாம். செல் வாங்கப் போனா இணையத்துல 9900 எம்ஏஎச்னு போட்டு விக்கிறான், சுத்தப் புளுகு. அந்த அளவு செல்லுல 3500 கிடைச்சாலே பெருசு. இங்க நம்பி வாங்கற இடம் எது தெரியுமா? மின்சிகரெட் விக்கிற வேப் கடை. வாழ்க்கையில ஒரு பீடி கூடப் பிடிக்காத நான், அந்தப் பழவாசனைப் புகைக்குள்ள நின்னு 3000 எம்ஏஎச் செல் ரெண்டு வாங்கிட்டு வந்தேன். (மாட்டும்போது பிளஸ் மைனஸ் மூணு தடவை பாருங்க. திருப்பிப் போட்டா பலகைக்குப் பால் ஊத்திடலாம்.)

கணக்கு சுலபம். ரெண்டு செல்லும் சேந்து 21.6 வாட் மணி. வோல்டேஜை ஏத்துறதுல போற நஷ்டம் போக 18-ன்னு வெச்சுக்கலாம். பையும் டிஸ்க்கும் சேந்து 6 வாட் இழுத்தா மூணு மணி நேரம். சோதிச்சுப் பாத்தப்போ 2 மணி 40 நிமிஷம் வந்துச்சு. வெளி கரண்டு இருக்கா இல்லையான்னு பலகை ஒரு கம்பியில சொல்லும், பேட்டரி எவ்வளவு மிச்சம்னு இன்னொரு வழியில. நாப்பது வரி பைத்தான் அதைப் பாத்துக்கிட்டே இருக்கும். 20 சதவீதத்துக்குக் கீழ போனா ஜெல்லிஃபினை நிறுத்தி, டிஸ்க்கைக் கழட்டி, முறையா அணைச்சிடும்.

இங்க ஒரு குழி இருக்கு, ரெண்டு நாள் அதுல கிடந்தேன். பை அணைஞ்சாலும் பேட்டரி அதுக்கு 5 வோல்ட் ஊட்டிக்கிட்டேதான் இருக்கு. கரண்டு திரும்ப வரும்போது பையைப் பொறுத்தவரை எதுவுமே மாறலை, அதனால எந்திரிக்காது. வீட்டுக்கு வந்து பாத்தா வெளிச்சம் இருக்கும், டிவி ஓடும், சர்வர் மட்டும் கும்பகர்ணன். பை அணைஞ்சு சில நொடி கழிச்சு பலகையே அந்த 5 வோல்ட்டை வெட்டணும், கரண்டு வந்ததும் தானா திரும்பத் தரணும். பலகையில அதுக்கொரு ஜம்பர் இருந்துச்சு. கையேட்டைப் படிக்காதது என் தப்பு.

ரவுட்டர் அணைஞ்சா பை உயிரோட இருந்தும் யாருக்குப் பிரயோஜனம்? அதுக்கும் ஒரு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ். நம்ம ஊர் வீடுகள்ல சர்வ சாதாரணமா இருக்கறதுதான்.

எல்லாம் மாட்டி ஏப்ரல், மே கச்சிதமா ஓடுச்சு. ரெண்டு தடவை கரண்டு போச்சு, சர்வர் அசையலை. மார்தட்டிக்கிட்டேன்.

ஜூன் மாசம். இங்க ராத்திரி ஒம்பது மணிக்கும் வெயில், பகல்ல யாரும் லைட் போடறதே இல்லை. நாங்க நாலு பேர் வெளிய. ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்த மதுரைக்காரன் மட்டும் ரூம்ல லேப்டாப்ல படம். பத்து மணிக்குக் கரண்டு போச்சு. லேப்டாப்புக்கு பேட்டரி, ரவுட்டருக்கு பேட்டரி, சர்வருக்கு பேட்டரி. படம் ஒரு நொடி நிக்கலை. அப்புறம் சர்வர் முறையா அணைஞ்சதும், "உன் டப்பா ஊத்திக்கிச்சுடா"ன்னு எனக்கு ஒரு செய்தி தட்டிட்டுத் தூங்கிட்டான். நானும் நூலகத்துல உக்காந்துகிட்டு, ஜெல்லிஃபின்ல ஏதோ பிரச்சினைன்னு நினைச்சேன்.

ராத்திரி எட்டு மணிக்கு வந்தா சமையலறைத் தரையெல்லாம் தண்ணி. ஃப்ரீசர்ல இருந்த ரெண்டு கிலோ இறால் உருகி ஓடியிருக்கு. மசாலா தடவி வெச்ச வஞ்சிரம் ஒரு வாடை, பால் இன்னொரு வாடை. முன்னாடியெல்லாம் கரண்டு போனா வைஃபை போகும், வைஃபை போனா வீட்டுல இருக்கறவன் அலறிக்கிட்டுச் சாவியைத் தேடுவான். அந்த அலறலை நான் பேட்டரி போட்டு அடைச்சிட்டேன். குண்டூர்க்காரன் இறாலுக்கு 18 பவுண்டு கேட்டான், கொடுத்தேன். பாத்திரம் கழுவுற விலக்கும் ரத்து.

அதனால நிரல்ல இன்னும் ஆறு வரி சேத்தேன். சுவர்ல இருக்கிற ஃபைபர் பெட்டிக்கும் அந்தக் குட்டி யுபிஎஸ்ல இருந்தே ஒரு கம்பி இழுத்தேன், அது இல்லாம செய்தி வெளிய போகாது. இப்போ கரண்டு போனா வீட்டுக் குழுவுக்குப் பை தானே எழுதும்.

போன வாரம் நூலகத்துல இருக்கும்போது வந்துச்சு. "கரண்டு போச்சு. பேட்டரி 97%. யாரு முறை?" அஞ்சு பேரும் பாத்தாச்சுன்னு காட்டுது, ஒருத்தனும் வாயைத் திறக்கலை. காதுல தாத்தா குடம் அடிச்சுக்கிட்டு இருந்தார், அஞ்சாவது கேசட். முக்கால் மணி நேரம் கழிச்சு மறுபடி, "பேட்டரி 74%. யாரு முறை?"

மதுரைக்காரன் ஃபிரிட்ஜ்ல ஒட்டின தாளைப் படம் எடுத்துப் போட்டான். என் முறை. சாவியும் என் பையிலதான் இருந்துச்சு.