எரிமலைக்கு மேலே அப்பா!

ஞாயிற்றுக்கிழமை காலை. மயிலாப்பூர் வீட்டு ஹாலில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, 'காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை' என்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார் அப்பா.

"ஏண்டா, ஹெலிகாப்டர்ல போய் எரிமலையை மேலேருந்து பார்க்கலாமாமே! எவ்வளவு ஆகும்?"

அப்பாவுக்கு 74 வயது. பை-பாஸ் ஆகி எட்டு மாசம். தெப்பக்குளத்தை ஒரு ரவுண்டு வரவே அம்மாவிடம் பர்மிஷன் வாங்க வேண்டிய மனுஷர். சர்க்கார் ஆபீஸில் 33 வருஷம் ஃபைல் பார்த்தவர், திருப்பதியைத் தாண்டியதில்லை.

நான் பி.காம். யாராவது ஆசையைச் சொன்னால் மனசு உருகுவதற்கு முன்னால் கை கால்குலேட்டரைத் தேடும். மறுநாளே தி.நகரில் பனகல் பார்க் பக்கம் ஒரு டிராவல்ஸ் படியேறினேன்.

"ஹவாய் போங்க சார்" என்றார் அங்கிருந்த இளைஞர், ஏதோ திருவள்ளூர் போகச் சொல்வது மாதிரி.

ஹவாயில் ஹீலோ என்கிற ஊரிலிருந்து ஹெலிகாப்டர் கிளம்புகிறது. கீழே கிலாவேயா. உலகத்தின் ரொம்ப சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. அதே தீவில் மௌனா கேயா, 4,000 வருஷத்துக்கு மேலாகத் தூக்கம். ஏறுவதற்கு முன் எல்லோரையும் எடை மெஷினில் நிறுத்துவார்கள். எடைக்குத் தகுந்தபடிதான் சீட். ரொம்ப கனமான ஆசாமி என்றால் பல கம்பெனிகளில் பக்கத்து சீட்டுக்கும் காசு! (தொப்பையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டேன்.) தலைக்கு 300 டாலருக்கு மேல். ஹவாய் போய்ச் சேருகிற செலவு தனி. அதைக் கேட்டதும் அவர் நீட்டிய தண்ணீரை முழுசாகக் குடித்தேன்.

ஆபத்து உண்டா? உண்டு. 1992 நவம்பரில் 'ஸ்லிவர்' என்ற ஹாலிவுட் படத்துக்காக, கிலாவேயாவின் பூ-ஊ-ஓ-ஓ வாய்க்கு மேல் (பெயரே கால் இடறிக் கத்துகிற மாதிரி இல்லை?) ஒரு ஹெலிகாப்டர் பறந்தது. எஞ்சின் சக்தி போய் உள்ளேயே விழுந்தது. பைலட், கேமரா பேட்டரியில் ரேடியோவை இணைத்து உதவி கேட்டார். ஒருவர் விஷப்புகைக்குள் இரண்டு ராத்திரி கிடந்தார். மூன்று பேருமே பிழைத்தார்கள்.

இதைச் சொன்னால் அப்பா பின்வாங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். சொன்னேன்.

"பிழைச்சுட்டாங்க இல்ல?" என்றார்.

கணக்கு தப்பு. சாயங்காலம் அம்மாவிடம் பர்மிஷன் வாங்கி, ஆட்டோவில் அடையாறு தாண்டி பெசன்ட் நகர் பீச்சுக்கு அழைத்துப் போனேன்.

"நேர் கிழக்கே பாருங்கப்பா. சுமார் 1,500 கிலோமீட்டர் கடலைத் தாண்டினா அந்தமான்ல நார்கொண்டாம் தீவு. தூங்கற எரிமலை. அதுக்குத் தெற்கே பாரன் தீவு. இந்தியாவிலேயே உயிரோட இருக்கற ஒரே எரிமலை அதுதான்."

"ஹெலிகாப்டர் உண்டா?"

"கிடையாதுப்பா. தீவுல இறங்கவும் விடமாட்டாங்க. பர்மிஷன் வாங்கின கப்பல்லேருந்து பார்க்கலாம். 150 வருஷத்துக்கு மேல சும்மா கிடந்துட்டு, 1991-ல திடீர்னு வெடிச்சுது. 2025 செப்டம்பர்ல கூட நெருப்பு கக்கிச்சு."

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. கையில் சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது.

"அத்தனை வருஷம் தூங்கினதை எல்லாரும் செத்துப்போச்சுன்னே முடிவு கட்டியிருப்பாங்க, இல்லடா?"

எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாசமாக பாங்க் பாஸ்புக் என்னிடம், வீட்டுச் சாவி அம்மாவிடம். தினம் நடக்கச் சொன்னார் டாக்டர். நிறுத்தி வைத்தது நாங்கள்தான்.

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். பிளேன் ஏறலாம் என்றார். போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீவிஜயபுரம்) இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பாஸ்புக்கை அப்பாவிடமே கொடுத்துவிட்டு டிராவல்ஸுக்கு போன் போட்டேன்.

"ரெண்டு டிக்கெட்..."

"மூணு!" என்று சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வெடித்தது.

வீட்டிலேயே இன்னொரு எரிமலை இருப்பதை அடியோடு மறந்துவிட்டேன்!