தெற்கு 55 பாகையில் ஒரு கடல் நாள்

தென்முனைக்குப் போகும் ஆய்வுக் கப்பலுக்குப் பயணத்தின் பெரும்பகுதி கரை காணாத நாட்களே. இந்தியாவின் முதல் அண்டார்க்டிகப் பயணக்குழு 1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டது. எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர். கப்பல், நார்வேயிலிருந்து வாடகைக்கு எடுத்த ‘போலார் சர்க்கிள்’. அவர்கள் பனிக்கரையில் கால் வைத்தது 1982 ஜனவரி 9 அன்று. இடையில் கழிந்த ஒரு மாதத்துக்கும் மேலான காலத்தை ஒரே வரியில் சொல்லிக் கடப்பது வழக்கமாகிவிட்டது. அது பெரிய குறை. தென்கடலைப் பற்றி இந்தியா இன்று அறிந்திருப்பதில் கணிசமான பகுதி அப்படிப்பட்ட நாட்களில்தான் சேர்ந்தது. 2004இல் ‘சாகர் கன்யா’ தென்கடல் ஆய்வுக்கென்றே அனுப்பப்பட்டது. பின்னர் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ‘சாகர் நிதி’, தெற்கு 66 பாகையை எட்டிய முதல் இந்தியக் கொடி ஆய்வுக் கப்பலாயிற்று.

தமிழ்க்கரையின் காரைக்காலை ஒப்பிட எடுத்துக்கொள்வோம்: அது கிழக்கு நெடுங்கோடு 79.8 பாகையில் இருக்கிறது. 2012இல் திறக்கப்பட்ட இந்தியாவின் ‘பாரதி’ நிலையம் அண்டார்க்டிகாவில் 76.2 பாகையில் இருக்கிறது. இடையே சுமார் 8,900 கி.மீ. தொலைவு, ஆனால் இரண்டு இடத்திலும் உச்சிப்பொழுது கால் மணி வித்தியாசத்தில் வந்துவிடும். ஏறத்தாழ அதே கோட்டில், தை முதல் வாரத்தில், தெற்கு 55 பாகையில் ஓடும் ஆய்வுக் கப்பலின் ஒரு நாள் இப்படிக் கழியும்.

அதிகாலை 4.00

சுக்கான் அறையில் ஆள் மாறுகிறார்கள். நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு என்பது கப்பல் முறை. சூரியன் அதற்குள் எழுந்துவிட்டது. காரைக்காலில் தை மாதப் பகல் பதினொன்றரை மணி நேரம். இங்கே பதினாறரை மணிக்கும் மேல். இன்னும் 15 பாகை தெற்கே போனால் இந்த நாட்களில் சூரியன் மறைவதே இல்லை. உறக்கம் கெடாமல் இருக்க அறைகளின் வட்டச் சாளரங்களைத் திரையிட்டு மூடி வைக்கிறார்கள்.

காலை 5.00

கப்பல் கடிகாரம் இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னே ஓடுகிறது. உலக நேரம் 00.00 ஆகும்போது கப்பலில் காலை 5.00, காரைக்காலில் 5.30. உலகெங்கும் வானிலை பலூன்களைப் பறக்கவிடுவது இந்த நேரத்தை ஒட்டித்தான். காரைக்காலில் உள்ள இந்திய வானிலைத் துறையின் மேல்வளி நிலையமும் அவ்வாறு பலூன் விடும் நிலையங்களுள் ஒன்று. கப்பலின் பின்தளத்திலிருந்தும் ஒன்று மேலே போகிறது. நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் ஏறி, வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவற்றை வானொலி வழியே அனுப்பிக்கொண்டே சென்று, 30 கி.மீ. உயரத்தை ஒட்டி வெடித்துவிடும்.

நிலத்தில் இதைச் செய்வது எளிது. உலுக்கும் தளத்தில், பக்கவாட்டில் இழுக்கும் காற்றில், பலூன் கொடிமரத்தில் மோதாமல் விடுவதற்குக் கப்பலையே காற்றுக்கு ஏற்பத் திருப்ப வேண்டியிருக்கும். அத்தனை சிரமமும் தகும். இந்த அட்சத்தில் தீவுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒரு கப்பல் தரும் அளவீடு இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான கி.மீ. பரப்பில் மேல்வளியை நேரடியாக அளப்பவர் எவரும் இல்லை.

காலை 8.00

சாப்பாட்டு மேசையில் ஈரத்துணி விரித்திருக்கிறது, தட்டு வழுக்காமல் இருக்க. மேசை விளிம்பில் சட்டம் அடித்திருக்கிறது. நாற்காலிகள் தரையோடு சங்கிலியில் பிணைந்திருக்கின்றன. சாப்பிட வந்திருப்போர் குறைவு.

காரணம் காற்று. காரைக்கால் கரையில் காற்று ஆண்டுக்கு இருமுறை முகம் மாற்றும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை, ஆனி, ஆடியில் கச்சான். தெற்கு 40 பாகைக்குக் கீழே அந்த மாற்றம் கிடையாது. ஆண்டு முழுவதும் மேல்காற்றுதான். வட அரைக்கோளத்தில் மேல்காற்றைத் தடுக்கக் கண்டங்களும் மலைகளும் குறுக்கே நிற்கின்றன. இங்கே தென்னமெரிக்காவின் முனையைத் தவிரக் குறுக்கே நிலம் ஏறக்குறைய இல்லை. காற்று பூமியைச் சுற்றி வருகிறது. அலையும் அதன்கூடவே சுற்றி வளர்கிறது. கடல் நீரோட்டமான நீவாடும் அப்படியே. மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் தென்முனைச் சுற்றோட்டம், உலகின் ஆறுகள் அனைத்தும் கடலில் சேர்க்கும் நீரைப் போல நூறு மடங்குக்கும் மேலான நீரைச் சுமக்கிறது.

காலை 10.30

கப்பல் நிற்கிறது. இந்த நாளின் முதன்மையான வேலை இதுதான். நேரமும் இதற்கே அதிகம் செலவாகிறது. வட்டமாக அடுக்கிய நீர்க்குடுவைகளும், நடுவே உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் கருவியும் கொண்ட சட்டகத்தைக் கடலுக்குள் இறக்குகிறார்கள். விசைப்படகில் மடியை இழுக்கும் வின்ச் போன்றதுதான் இதுவும், ஆனால் கம்பியின் நீளம் பல கி.மீ. நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்குவதால், 4,000 மீட்டர் போய்த் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. ஏறி வரும்போது குறித்த ஆழங்களில் குடுவைகள் மூடிக்கொண்டு அந்தந்த ஆழத்து நீரைப் பிடித்துக்கொள்கின்றன.

மேல்நீரின் வெப்பம் 2 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. காரைக்காலில் அரசலாறு கலக்கும் இடத்தில் தை மாதக் கடல் 26 பாகையை ஒட்டி இருக்கும். தெற்கே வரும் வழியில் ஓரிடத்தில் சிறு தொலைவுக்குள்ளேயே வெப்பம் சட்டென்று இறங்கும். வடக்கின் வெதுவெதுப்பான நீரின் கீழே தென்முனையின் குளிர்நீர் புகுந்து அமிழும் எல்லை அது. அதைத் தாண்டியதும் மூடுபனி கூடுகிறது, பறவையினமும் மாறுகிறது.

குடுவை நீரை வடிகட்டி, நுண்பாசியின் பச்சையத்தை அளக்கிறார்கள். தென்கடலில் நைட்ரேட் போன்ற உரச்சத்து நிறைய இருந்தும், இரும்பு போதாததால் நுண்பாசி அதற்கேற்பச் செழிப்பதில்லை. இரும்பைத் தூவிப் பாசியை வளர்த்தால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கடலடிக்குக் கொண்டுபோகுமா என்று சோதிக்க, கோவா தேசியக் கடலியல் கழகமும் ஜெர்மனியும் சேர்ந்து 2009இல் ‘லோஹாஃபெக்ஸ்’ சோதனையை நடத்தின. தென் அட்லாண்டிக்கில் 300 ச.கி.மீ. பரப்பில் இரும்புச் சத்தைக் கரைத்தார்கள். பாசி வளர்ந்தது, வளர்ந்ததைச் சிற்றுயிர்கள் மேய்ந்துவிட்டன, ஆழத்துக்குப் போன கரி மிகக் குறைவு. எளிதான மாற்றுவழி என்று நம்பியிருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் கடலைத் தொடுமுன் கடலைக் கேட்க வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

பிற்பகல் 2.30

கப்பலின் பின்னால் அலையும் அல்பட்ராஸ் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அலையும் அல்பட்ராஸின் சிறகு விரிப்பு மூன்றரை மீட்டர் வரை போகும். அலைக்கு மேல் காற்றின் வேகம் உயரத்துக்கு உயரம் மாறுவதைப் பயன்படுத்தி, சிறகை அடிக்காமலே நெடுநேரம் மிதந்து போகிறது. இதன் பெரும் பகை ஆயிரங்கால் தூண்டில். இரையை விழுங்கத் தாழ்ந்து வரும் பறவை கொக்கியில் மாட்டி நீருக்குள் இழுபட்டுவிடும். தீர்வு கடினமானதன்று: தூண்டிலை இரவில் விடுதல், எடை கட்டி விரைவாக ஆழ்த்துதல், பறவையை மிரட்டும் நாடாக்களைக் கட்டுதல். தென்கடல் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்தின் கண்காணிப்பில் உள்ள படகுகள் இவற்றைக் கைக்கொண்ட பிறகு, அந்தப் பரப்பில் பறவைச்சாவு வெகுவாகக் குறைந்தது. இந்தியாவும் அந்த ஆணையத்தில் உறுப்பு நாடு.

மாலை 5.00

இரண்டாம் பலூன் ஏறுகிறது. அலையின் உயரமும் கால இடைவெளியும் குறிப்பேட்டில் ஏறுகின்றன.

இந்த அலைக்கணக்கு தமிழ்க்கரைக்கு நேரே தொடர்புடையது. இங்கே வீசும் புயலில் எழும் நெடிய அலைகள், 18 நொடிக்கு ஒன்றாக, ஒரு நாளில் 1,200 கி.மீ. அளவு வடக்கே நகர்கின்றன. ஐந்தாறு நாளில் குமரி முனையைத் தொடுகின்றன. அங்கே அப்போது காற்று இருக்காது, வானம் தெளிந்திருக்கும். கடல் மட்டும் கரையேறும். கள்ளக்கடல் என்று மீனவர் அஞ்சுவது இதைத்தான். 2024 மே மாதம் குமரிக் கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டபோதும் உயிர்கள் போயின. இலங்கை குறுக்கே கிடப்பதால் காரைக்காலுக்கு இதன் நேரடி அடி குறைவு. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் எச்சரிக்கை தருவதற்கு, யாருமில்லாத இந்தக் கடலில் எழும் அலையைத்தான் முதலில் அறிந்தாக வேண்டும்.

இரவு 8.30

சூரியன் மறைந்ததும் ரேடார் முன் கூடுதலாக ஒருவர் அமர்கிறார். பெரும் பனிப்பாறை ரேடாரில் தெளிவாகத் தெரியும். அதிலிருந்து உடைந்து, அலையோடு அலையாக மிதக்கும் துண்டுகள்தாம் ஆபத்து. அவற்றின் பெரும்பகுதி நீருக்கடியில் கிடக்கும், ரேடார் தவறவிடும். அணியத்தில் விளக்கேற்றி, வேகத்தைக் குறைத்து, கண்ணால் பார்த்துப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

கீழ்த்தளத்தில் பூட்சுகளைக் கழுவி, பைகளையும் சட்டை மடிப்புகளையும் உறிஞ்சுகருவியால் சுத்தம் செய்கிறார்கள். ஒரு புல்விதைகூட அக்கண்டத்தில் இறங்கக் கூடாது. 1966இல் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் தொடங்கிவைத்த நவீனத் தென்முனைச் சுற்றுலாக் கப்பல்களிலும் இன்று இதே நடைமுறைதான். அவற்றில் வருவோர் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் இறங்கவும் முடியாது. 60 பாகையைக் கடந்தபின் எண்ணெய்க் கழிவையும் பிளாஸ்டிக்கையும் கடலில் விடக் கூடாது. கனரக எரி எண்ணெயைக் கப்பல்கள் கொண்டுவருவதே 2011 ஆகஸ்டிலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. இதே வேகத்தில் போனால் அந்த எல்லையை மூன்றாம் நாளுக்குள் கடந்துவிடலாம்.