தவணை கட்டாத அரண்மனை

"தோட்டம் எங்கே மாமா?" என்று அக்கா மகள் கேட்டபோது, அரசு ஜீப்புகள் வரிசையாக நின்ற ஒரு மரத்தடியில் நாங்கள் நின்றிருந்தோம்.

கோடை விடுமுறையில் மைசூர் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே குறை: நம்ம ஊரில் ஒரு ராஜா வீடுகூடக் கிடையாதாம். ஞாயிற்றுக்கிழமை காலை சேப்பாக்கம் அரண்மனையைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இரண்டு பெயரைக் கொடுத்துவிட்டேன். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் நாலாவது நிலையம். கிரிக்கெட் பார்க்க அங்கே எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். அரண்மனை பார்க்க இறங்கியது இதுதான் முதல் தடவை.

கூட்டிப்போன இளைஞர் கட்டடக்கலை படிக்கிறவர். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் கோடு இழுத்தார். "வடக்கே கூவம். தெற்கே பைகிராப்ட்ஸ் ரோடு, அதாவது இப்போ பாரதி சாலை. கிழக்கே கடற்கரை. மொத்தம் 117 ஏக்கர். நீங்க நிக்கிறதே தோட்டத்துலதான் சார்." எல்லோரும் குனிந்து காலடியைப் பார்த்தோம். தாரும் ஒரு சோடா மூடியும் தெரிந்தன.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா முதலில் ஆசைப்பட்டது புனித ஜார்ஜ் கோட்டைக்குள் வீடு கட்டிக்கொள்ளத்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கி நிழலில் இருந்தால் நிம்மதி என்று நினைத்திருக்கிறார். அங்கே இடம் ஒத்துவராமல் சேப்பாக்கம் வந்தார். 1768-இல் மாளிகை எழுந்தது. கட்டிக் கொடுத்தவர் பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஆள் என்பார்கள். அந்த பென்ஃபீல்டேதான் நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களிலும் பெரிய புள்ளி!

வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டி எனக்கு ஆறு மாதம்தான் ஆகிறது. அதனால் மற்றவர்கள் வளைவுகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது நான் இந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நவாபின் கடன் பற்றி 1785-இல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஒரு நீண்ட உரையே ஆற்றினார். கம்பெனிக்காரர்கள் கொடுத்த கடனுக்கு ஈடாக நவாப் எழுதிக் கொடுத்தது ஊர் ஊராக வரி வருமானத்தை. அதாவது தவணை கட்டியது நம் பக்கத்துக் குடியானவர்கள். 1801-இல் ஆட்சியும் கையை விட்டுப் போனது. 1855-இல் கடைசி நவாப் நேர் வாரிசில்லாமல் இறந்ததும், கடனை அடைக்கவென்று மாளிகையை ஏலம் விட்டார்கள். எடுத்தது யார்? அரசாங்கமேதான். நவாப் குடும்பத்துக்கு ஆற்காடு இளவரசர் என்ற பட்டம் பிறகு கிடைத்தது, ராயப்பேட்டை அமீர் மகால் வீடாயிற்று.

அதன் பிறகு தோட்டம் பங்குபங்காகப் போயிற்று. கிரிக்கெட் கிளப்புக்கு ஒரு துண்டு போனது. கடலோரத்தில் நவாப் குளிப்பதற்கென்று இருந்த எண்கோண மண்டபத்தை இடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் இடம் பிடித்தது. மாளிகையின் ஒரு பகுதியான கலச மகாலில் நடந்த பொறியியல் கல்லூரி 1920-இல் கிண்டிக்குப் போனது. கலச மகாலுக்கும் இன்னொரு பகுதியான உமாயூன் மகாலுக்கும் நடுவே சிசம் என்ற கட்டடக்கலைஞர் ஒரு கோபுரத்தை நிறுத்தினார். முன்னால் வரிசையாக அலுவலகங்கள் முளைத்ததில் கடற்கரையிலிருந்து பார்த்தால் அரண்மனையே தெரியாது. அடுக்குமாடியில் 'பிரிக்கப்படாத பங்கு' என்று பத்திரத்தில் எழுதுவார்களே, இங்கே பிரிக்கப்பட்ட பங்குகள் மட்டும்தான் மிச்சம்.

உமாயூன் மகால் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார் அந்த இளைஞர். வெயில் ஏறிய பிறகும் சில்லென்றிருந்தது. பழுது பார்த்தபோது சிமென்ட் சேர்க்காமல், சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த சாந்தைப் பூசினார்களாம். "வெல்லமா?" என்று அக்கா மகள் சுவரை முகர்ந்தாள். ஒன்றும் மணக்கவில்லை. பழைய கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்கு விட்டங்கள், அவற்றின்மேல் நெட்டுக்குத்தாக நெருக்கி அடுக்கிய சின்னச் செங்கல், அதற்குமேல் சுண்ணாம்புத் தளம். எங்கள் பாட்டி வீட்டு மொட்டைமாடியும் இதேதான். நவாபுக்கும் பாட்டிக்கும் ஒரே கொத்தனார் மரபு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கலச மகாலை வெளியிலிருந்துதான் பார்த்தோம். 2012 ஜனவரியில் எரிந்த கட்டடம் அது. தீயை அணைக்கப் போன அதிகாரி ஒருவர் அங்கே உயிரை விட்டார். திரும்ப எடுத்துக் கட்டிய இடத்தில் இப்போது பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது. தோட்டம் போன இடத்தில் பசுமைக்கு வழக்கு!

வெளியே வந்து ரத்னா கஃபேயில் இட்லி முங்க முங்க சாம்பார் விட்டுச் சாப்பிட்டோம். மைசூரை அவள் மறந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

திருமயிலையில் இறங்கிக் கோயில் குளத்துப் பக்கமாக நடந்தோம். இந்தக் குளத்துக்கு நிலம் நவாப் குடும்பம் கொடுத்தது என்பது மயிலாப்பூரில் வழிவழியாக வரும் பேச்சு. மொகரம் பத்தாம் நாள் முஸ்லிம்கள் இங்கே வந்து இறங்குவதும் அதை ஒட்டிய வழக்கம்தான். சொன்னேன்.

"அப்ப இதுவும் ஏலத்துல போச்சா?"

"இல்லடி, இது குடுத்தது."

அவள் அதற்குள் பத்து ரூபாய்க்குப் பொரி வாங்கி, கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து மீனுக்கு எறிய ஆரம்பித்திருந்தாள். பாதி படியிலேயே விழுந்தது. அதற்குப் புறாக்கள் வந்தன.