பத்தாம்பசலி

காலத்துக்கு ஒவ்வாதவரைப் ‘பத்தாம்பசலி’ என்கிறோம். ‘சுத்தக் கர்நாடகம்’ என்பாரும் உண்டு. பசலி என்னும் சொல், அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அக்பர் காலத்தில் வரித் தண்டலுக்கென வகுக்கப்பட்ட வேளாண் ஆண்டு அது. நம் பக்கத்தில் சூலை முதல் நாளன்று பிறக்கும். 1990 சூலையில் பிறந்தது 1400-ஆம் பசலி.

ஏளனத்துக்கு ஆளான அச்சொல் இன்னும் சாகவில்லை. சேலத்திலும், 1997-இல் அதினின்று பிரிந்த நாமக்கல்லிலும் அடங்கல் இன்றும் பசலிக் கணக்கிலேயே எழுதப்படுகிறது, ஜமாபந்தியும் அவ்வாறே.

இராசிபுரம் பக்கம் புன்செய் உழுத என் தந்தையார், பிள்ளைகள் பிறந்த ஆண்டையும் பசலியில்தான் சொல்வார். வீட்டு இளையோர் ‘பத்தாம்பசலி’ என்று நகைப்பர். அவர் மறைந்தபின் கிணற்றுப் பாத்தியதை குறித்து எங்களுக்குள் மனத்தாங்கல் மூண்டது. ‘1385-ஆம் பசலியில் இரு குடும்பமும் சேர்ந்து வெட்டியது’ என்று அவர் எழுதி வைத்திருந்த ஒற்றை வரியே உடன்பிறந்தாரை நீதிமன்றப் படி ஏறாமல் காத்தது.

முதியவரைப் ‘பழசு’ என்றால் ஒதுக்குகிறோம். ‘பழுத்தவர்’ என்றால் அருகே சென்று அமர்கிறோம். இரண்டும் நம் வீட்டுச் சொற்களே. எதை எடுக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.