சூட்டோடு மூடிய சோறு

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் நாகபுரியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட அன்று நான் ஒரு தவறு செய்தேன். கட்டுச்சோற்றுடன் ரயிலேறும் குடும்பங்கள் நமது சங்கத்தில் பல உண்டாதலால், அதை அன்பர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட விரும்புகிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கே என் மனைவி எலுமிச்சைச் சாதம் கலந்து வைத்துவிட்டாள். வாழையிலை இவ்வூரில் நினைத்தபோது அகப்படுவதில்லை. ஆகவே, கடைகளில் ‘கிளிங் ராப்’ என்று சுருளாக விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை எடுத்து, ஆவி பறக்கும் சாதத்தின்மீது இரட்டையாக இறுகச் சுற்றினேன். பார்சல் ஆபீசில் சிப்பங்களோடு பழகியவன் நான். இறுகக் கட்டியது பத்திரம் என்பது என் எண்ணம். “ஆறட்டும், அவசரப்படாதே” என்றாள் அம்மா. வண்டிக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டேன்.

பகல் ஒரு மணிக்கு, பல்லார்ஷாவை நெருங்கும்போது பிரித்தோம். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. வாசனையில் குறையொன்றும் தெரியவில்லை. முதலில் உண்டவள் என் ஐந்து வயதுப் பெண். மூன்று மணிக்கெல்லாம் வாந்தி கண்டுவிட்டது. பையிலிருந்த ஓ.ஆர்.எஸ். பொடியை நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டியபடி, வரங்கல் வரும்வரை அவளை மடியில் கிடத்தியிருந்தேன். அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. விஜயவாடாவைக் கடந்த பின்னரே குழந்தை கண்ணயர்ந்தாள்.

சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியே காரணமாக இருக்கலாம் என்றார் சென்னையில் பார்த்த வைத்தியர். அதன் வித்துக்கள் உலைக்கொதியிலும் சாவதில்லை. 5 முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள சூட்டில் கிருமிகள் பெருகும். இந்தக் கிருமி கக்கும் நஞ்சோ மறுபடி சூடாக்கினாலும் போகாது. சமைத்த உணவு வெளியே இருக்கத்தக்கது இரண்டு மணி நேரம். 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரே மணி நேரம். எங்கள் மே மாத வெயிலோ 45 டிகிரியை எட்டுவது! நான் சுற்றிய தாள் சூட்டையும் ஈரத்தையும் வெளியே விடாமல் அந்தக் கிருமிகளுக்கே உதவி செய்திருக்கிறது.

இப்போது தொலைப் பிரயாணத்துக்குச் சோறு கட்டுவதில்லை. சப்பாத்தி, முறுக்கு, வாழைப்பழம் இவற்றோடு சரி. (புளியோதரையில்லாத ரயில் பிரயாணமும் ஒரு பிரயாணமா என்பது அம்மாவின் கட்சி.)

தாளை நான் விலக்கிவிடவில்லை. மிஞ்சிய சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, ஆவியடங்கியதும் கிண்ணத்திலிட்டு, விளிம்பை ஈரமறத் துடைத்துவிட்டுத் தாளை இழுத்து மூடிக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். விளிம்பு நனைந்திருந்தால் தாள் பிடிக்காது. நறுக்கிய வெள்ளரிக்கும் எலுமிச்சைக்கும் வெட்டுவாயோடு ஒட்டினாற்போல் சுற்ற வேண்டும். நெய்ப் பண்டங்களிலும் ஊறுகாயிலும் தாள் படலாகாது. பொங்கும் இட்லி மாவுக்கோ இறுக்கமே கூடாது. ஒருமுறை அப்படி மூடிவைக்க, இரவெல்லாம் தாள் பலூன்போல் உப்பி, காலையில் மாவு குளிர்பெட்டியின் அடித்தட்டு வரை வழிந்திருந்தது. அதைத் துடைத்து முடித்த அம்மா, மாவுப் பாத்திரத்தின்மேல் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். இன்றுவரை அந்தத் தட்டுத்தான்.